இயந்திர மனிதனும் இருப்புப் பதிவேடும்

திருவனந்தபுரத்தில் கிள்ளியாற்றுக்கும் சாலைக் கடைவீதிக்கும் அண்மையில் அமைந்துள்ள வலியசாலை, கல்வியின் நினைவைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் பகுதியாகும். முதலாம் இராசராசனின் கல்வெட்டுக்களில் குறிக்கப்படும் காந்தளூர்ச் சாலை இவ்விடத்திலேயே இருந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலரது கொள்கை. 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவபுரத்தில் 95 மாணவர்க்கென ஒரு சாலையை ஏற்படுத்தியபோது, அது காந்தளூரின் முறையைப் பின்பற்றி நடைபெற வேண்டுமென்று செப்பேட்டில் எழுதிவைத்தான். இன்று வலியசாலையில் நிற்பவை சுவரோடு சுவர் ஒட்டிய அக்கிரகார வீடுகளும் காந்தளூர் மகாதேவர் கோயிலும். அங்கிருந்து சில நிமிடம் நடந்தால், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் இராஜா கேசவதாசன் தோற்றுவித்த சாலைக் கடைவீதி வந்துவிடும். திருகாணி, அலுமினியப் பட்டை, மின்கம்பி, சைக்கிள் டியூப், இயந்திர எண்ணெய் ஆகிய யாவற்றையும் அங்கே ஒரே மாலையில் வாங்கிவிடலாம்.

சிறு இயந்திர மனிதன் ஒன்றைத் தம் மாணவரோடு கூடித் திருத்தியமைக்க விரும்பும் ஆசிரியருக்கு இதனினும் வாய்ப்பான இடம் கிடைத்தல் அரிது. அத்தகைய ஆசிரியர்களின் தொகையும் இப்பொழுது பெருகியாக வேண்டும். கேரள அரசு 2025-ஆம் கல்வியாண்டு முதல் 10-ஆம் வகுப்பு மாணவர் அனைவர்க்கும் ரோபோ இயலைக் கட்டாய பாடமாக்கிற்று. ஏறத்தாழ 4.3 இலட்சம் மாணவர்க்கு இப்பாடம் உரியதாயிற்று. 29,000 ரோபோ உபகரணத் தொகுதிகள் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. அதற்கு முன்னரே, 2018 முதல், லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் குழுக்கள் இத்துறையில் பழகி வந்துள்ளன. மத்திய அரசு 2016-இல் தொடங்கிய அடல் பரிசோதனைக் கூடங்களும் நாடெங்கும் பரவியுள்ளன. இவற்றின் வழியாகவும், ஆர்வமுள்ள பெற்றோர் வழியாகவும், பதினேழு மூட்டுக்களைக் கொண்ட சிறு இயந்திர மனிதத் தொகுதிகள் பள்ளிகளுக்குள் நுழையத் தொடங்கிவிட்டன.

வந்த பின் அவற்றுக்கு நேர்வது என்ன என்பதே இங்கு ஆராயத்தக்கது. பொதுவாக நிகழ்வது இது: பெட்டி திறக்கப்படுகிறது, துணைத்தாளைப் பார்த்துப் பொம்மை கோக்கப்படுகிறது, ஆண்டு விழாவில் அது கைகூப்பி வணங்குகிறது, படம் எடுக்கப்படுகிறது. அதன்பின் இருப்புப் பதிவேட்டில் ஒரு வரியாகவும் அலமாரியில் ஒரு காட்சியாகவும் அமைந்துவிடுகிறது. அதனை மேம்படுத்துவோம் என்று யாரேனும் துணிந்தாலும், முதலில் மேம்படுவது முகமே. கண்ணுக்கு வண்ண விளக்கு, தலைக்கு முடி, வாய்க்கு ஒலிபெருக்கி, உடம்புக்குச் சட்டை! இவ்வலங்காரம் முடிந்த பிறகு, முன்பு நான்கு அடி நடந்த பொம்மை இரண்டாவது அடியிலேயே குப்புற விழுவதைக் கண்டு அனைவரும் வியக்கின்றனர்.

வியப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. 2 கிலோகிராம் எடையுள்ள பொம்மையின் புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 18 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஒற்றைக் காலில் நிற்கும்போது, அம்மையத்திலிருந்து இறங்கும் குத்துக்கோடு பாதத்தின் நடுவே விழுவதாகவும், பாதத்தின் வெளிவிளிம்பு அங்கிருந்து 3 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகவும் கொண்டால், பொம்மை ஏறத்தாழ 9.5 பாகை வரை சாயலாம். அதற்கு மேல் சாய்ந்தால் விழும். இப்பொழுது 200 கிராம் அலங்காரத்தை 36 சென்டிமீட்டர் உயரத்தில், தலையின்மேல், ஏற்றுவோம். மையம் 19.6 சென்டிமீட்டருக்கு உயர்கிறது. தாங்கும் சாய்வு 8.7 பாகையாகக் குறைகிறது. முக்கால் பாகைக்கும் சற்று அதிகமான இவ்விழப்பு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மலிவான மூட்டுக்களின் பற்சக்கரத் தளர்ச்சியே ஓரிரு பாகை ஆட்டத்தைத் தந்துகொண்டிருக்கும் நிலையில், எஞ்சியிருந்த பாதுகாப்பு அவ்வளவுதான். 10-ஆம் வகுப்பு மாணவன் முக்கோணவியல் அட்டவணையைக் கொண்டே இதனைக் கணக்கிட்டுவிடுவான். அவனிடம் அந்தக் கணக்கைக் கேட்பார் இல்லை என்பதே குறை.

இதே நகரத்தில், வலியசாலைக்குச் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள வட்டியூர்க்காவில், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலைமத் தொகுதிப் பிரிவு இயங்குகிறது. ககன்யான் திட்டத்தின் ஆளில்லாப் பயணத்திற்கென வியோமமித்ரா என்னும் இயந்திரப் பெண்ணை உருவாக்கியவர்கள் அப்பிரிவினரே. 2020 ஜனவரியில் பெங்களூரில் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது, செய்தித்தாள்கள் அதன் முகத்தையும் பேச்சையும் பற்றி எழுதின. பள்ளியாசிரியர் கவனிக்க வேண்டியது வேறொன்று: அதற்குக் கால்கள் இல்லை. இருக்கையில் அமர்ந்து, கருவிப் பலகையைக் கண்காணித்து, பொத்தான்களை இயக்க வேண்டிய உருவத்திற்குக் கால்கள் வீண்சுமை. ஆகவே அவற்றை விட்டுவிட்டனர். அதன் மண்டையோட்டை அலுமினியக் கலவையால் அடுக்கடுக்காக அச்சிட்டு 800 கிராமுக்குள் அடக்கினர். கிராம் கணக்கில் சிந்திப்பவர்கள் எதைச் சேர்ப்பது என்பதற்கு முன் எதை நீக்குவது என்று கேட்கின்றனர். சட்டையும் முடியும் மாட்டப்பட்ட பள்ளிப் பொம்மைக்கும் இக்கேள்வி அந்நியமானதன்று.

பொழுதுபோக்கு இயந்திர மனிதர்களின் வரலாறே, பெட்டியில் வந்ததைத் திருத்தியவர்களின் வரலாறுதான். ஜப்பானில் 2002-ஆம் ஆண்டு ரோபோ-ஒன் என்னும் மற்போர்ப் போட்டி தொடங்கியது. தொழிற்சாலைப் பொறியாளர்களோடு சாதாரண ஆர்வலர்களும் தம் வீட்டு மேசையில் செய்த இருகால் பொம்மைகளைக் கொண்டுவந்து மோதவிட்டனர். விழுந்தது தானே எழ வேண்டும் என்ற ஒரு தேவையே நூறு புதிய யுக்திகளைப் பிறப்பித்தது. 2004-இல் கோண்டோ நிறுவனம் பதினேழு மூட்டுக்களுடன் கே.எச்.ஆர்.-1 என்னும் தொகுதியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நம் நாட்டில் விற்கப்படும் மலிவான பதினேழு மூட்டுத் தொகுதிகளும் ஏறத்தாழ அதே அமைப்பைக் கொண்டவையே.

அதே 2004-இல் வெளிவந்த ரோபோசேப்பியன் என்னும் விளையாட்டுப் பொம்மையின் கதை இன்னும் பயனுள்ளது. மார்க் டில்டன் வடிவமைத்த அப்பொம்மைக்கு ஏழு மோட்டார்களே உண்டு. மேலுடலைப் பக்கவாட்டில் ஊசல்போல் சாய்த்து, எடை ஒரு காலுக்கு மாறும் கணத்தில் மற்றக் காலை முன்னே வீசி அது நடந்தது. வாங்குவோர் அதனைத் திறந்து பார்ப்பர் என்பதை எதிர்பார்த்தே டில்டன் அதனை எளிதில் கழற்றக்கூடியதாக அமைத்திருந்தார். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்வென் பென்கேயும் அவர்தம் மாணவரும் அதன் தலையைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் காமிரா பொருத்திய கையடக்கக் கணிப்பொறி ஒன்றை அமர்த்தினர். அப்பொம்மைகளைக் கொண்டே கால்பந்து ஆட்டமும் நடத்தினர். கடைப் பொம்மை ஆராய்ச்சிக் கருவியானதற்குக் காரணம் அதன் விலையன்று. திருகாணியைத் திறக்க ஒருவர் இடம் கொடுத்தார், திறக்க ஒருவர் அஞ்சவில்லை.

இனிப் பள்ளி மேசைக்கு வருவோம். திருத்தத்தை எங்கே தொடங்குவது? பாதத்தில் தொடங்குக என்பதே பொருத்தமான விடை. வழவழப்பான அலுமினியப் பாதம் பளிங்குத் தரையில் வழுக்கும். சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி ஒட்டினால் சிமெண்டுத் தரையில் பற்று மிகும். ஆனால் முழுப் பாதத்திற்கும் ரப்பர் ஒட்டினால், காலை இழுத்து வைக்கும் பொம்மை தடுக்கி விழும். ஓரங்களில் மட்டும் ஒட்டிப் பார்க்க வேண்டும், நுனியை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை நடக்கவிட்டு எத்தனை அடியில் விழுந்தது என்று எழுத வேண்டும். சில ரூபாய் செலவில் உராய்வு பற்றிய ஒரு வாரப் பாடம் இதில் அடங்கியுள்ளது.

அடுத்தது முழங்கால். இவ்வகைத் தொகுதிகளில் பெரும்பாலும் பயன்படும் எம்.ஜி.996-ஆர் என்னும் செர்வோ மோட்டார், 55 கிராம் எடையுள்ளது. அது நின்றுபோகும் நிலையில் தரும் திருப்பு விசை, 4.8 வோல்ட்டில் 9.4 கிலோகிராம்-சென்டிமீட்டர் எனவும், 6 வோல்ட்டில் 11 எனவும் விற்பனைத் தாளில் அச்சிடப்பட்டிருக்கும். மாணவர் இவ்வெண்ணை மோட்டாரின் தினசரி உழைப்பாகக் கருதுகின்றனர். அது மோட்டார் மூச்சுத் திணறி நின்றுவிடும் எல்லை. நெடுநேரம் வேலை வாங்கக்கூடிய அளவு அதில் மூன்றில் ஒரு பங்கு என்று கொள்வதே அறிவுடைமை. முழங்காலுக்கு மேலுள்ள 1.8 கிலோகிராம் எடை, ஒற்றைக் காலில் நிற்கையில், முழங்கால் அச்சிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி விழுமாயின், வேண்டப்படும் விசை 9 கிலோகிராம்-சென்டிமீட்டர். அதாவது மோட்டார் தன் எல்லையிலேயே நிற்கிறது. அது சுடுகிறது, நடுங்குகிறது, சில நாட்களில் பற்சக்கரம் தேய்கிறது. உடனே இதைவிட வலிய மோட்டார் வேண்டுமென்று விண்ணப்பம் எழுதப்படுகிறது. முழங்காலைச் சற்று நிமிர்த்தி, அந்த 5 சென்டிமீட்டரை 2 ஆகக் குறைத்தால், தேவை 3.6 ஆகிவிடும். ஒரு காசும் செலவில்லை. நிரலில் இரண்டு எண்கள் மாறினால் போதும். காகிதத்தில் போட்ட கணக்கு மேசையின்மேல் கண்ணெதிரே நிமிர்ந்து நிற்கும் இக்காட்சியைக் கண்ட மாணவன் நெம்புகோல் தத்துவத்தை மறக்கமாட்டான்.

பூட்டும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. செர்வோவுக்கு 20 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஒரு துடிப்பு அனுப்பப்படுகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லி செகண்டாக இருந்தால் அச்சு நடுநிலையில் நிற்கும். எல்லா மோட்டார்களையும் முதலில் இந்நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகே கை கால்களைப் பூட்ட வேண்டும். அவசரத்தில் இதனை மறந்து பூட்டப்பட்ட பொம்மை, மின்சாரம் கொடுத்த உடனே தன் காலைத் தானே முறித்துக்கொள்ளும். பூட்டிய பின்பும் ஒவ்வொரு மூட்டிலும் சில பாகை பிழை எஞ்சவே செய்யும். அப்பிழைகளை அளந்து, மூட்டுவாரியாக எழுதி, நிரலில் கழித்துக்கொள்ள வேண்டும். பொம்மை நேராக நடக்கவில்லை என்ற புகாரில் பெரும்பகுதி இந்த ஒரே பக்க அட்டவணையால் தீர்ந்துவிடும்.

மின்சாரத்தைப் பற்றி ஆசிரியர்கள் கூடுதலாக எச்சரிக்கையாயிருக்க வேண்டும். மேற்சொன்ன மோட்டார் ஒன்று திணறி நிற்கும்போது 6 வோல்ட்டில் ஏறத்தாழ 2.5 ஆம்பியர் இழுக்கும். பதினேழும் ஒருசேரத் திணறினால் 42.5 ஆம்பியர்! அவ்வாறு எல்லாம் ஒருசேர நிற்பது அரிது. எனினும் நான்கைந்து மோட்டார்கள் சேர்ந்து இழுத்தாலே மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் சரிந்து, ஆர்டுயினோப் பலகை மயங்கி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். நிரலில் பிழை தேடி ஒரு மாதத்தை வீணாக்கிய குழுக்கள் பல. பிழை கம்பியின் தடிப்பில் இருந்தது. மோட்டார்களுக்கும் மூளைப் பலகைக்கும் தனித்தனி மின்வழி அமைத்து, இரண்டின் எதிர்முனைகளை மட்டும் இணைப்பதே தக்க முறை. பல தொகுதிகளில் வரும் பி.சி.ஏ.9685 என்னும் இயக்கிப் பலகைக்குப் பதினாறு வாய்களே உள்ளன என்பதையும், மூட்டுக்களோ பதினேழு என்பதையும் இங்கே குறிப்பிடலாம். எஞ்சிய ஒன்றை ஆர்டுயினோவின் முனையில் நேரே இணைக்க வேண்டும், அல்லது ஒரு மூட்டைத் துறக்க வேண்டும். துறப்பதாயின் தலையைத் துறப்பதே நன்று. பெரும்பாலோர் இதற்கு இசைவதில்லை. தலை ஆடாவிட்டால் பார்ப்போர்க்குச் சுவையில்லையாம்!

இவை யாவும் செம்மையான பிறகு ஒரு சிறந்த திருத்தம் உண்டு. அதற்காகச் சாலைக் கடைவீதிக்குக்கூடப் போக வேண்டியதில்லை. மலிவான செர்வோ கட்டளையை ஏற்கும்; தான் எங்கே நிற்கிறது என்பதைத் திரும்பிச் சொல்லாது. ஆனால் அதன் வயிற்றுக்குள் நிலையறியும் மாறுதடை ஒன்று இருக்கிறது. மூடியைக் கழற்றி, அத்தடையின் நடுமுனையிலிருந்து ஒரு மெல்லிய கம்பியை வெளியே கொணர்ந்து, ஆர்டுயினோவின் அளவறி முனையில் இணைத்தால், மூன்று கம்பி மோட்டார் நான்கு கம்பி மோட்டாராகிறது. அதன்பின் முழங்கால் கட்டளையிட்ட கோணத்தை எட்டிற்றா, எடையால் தாழ்ந்ததா என்பதைப் பொம்மையே தெரிவிக்கும். விலையுயர்ந்த அறிவார்ந்த மோட்டார்கள் எதைத் தருகின்றனவோ அதன் ஒரு பகுதி, ஒரு கம்பியாலும் ஒரு பற்றவைப்பாலும் கிடைத்துவிடுகிறது. இதனோடு இடுப்பில் எம்.பி.யூ.6050 போன்ற சாய்வறி கருவியைப் பொருத்தி, உடல் முன்னே சாயும் அளவுக்கேற்பக் கணுக்காலைச் சிறிது திருப்பினால், மெல்லத் தள்ளினாலும் விழாத பொம்மை உருவாகும். எவ்வளவு திருப்புவது என்பதற்குச் சூத்திரம் தேடி அலைய வேண்டாம். குறைவாயின் விழும், மிகையாயின் குடிகாரனைப்போல் முன்னும் பின்னும் ஆடும். இரண்டிற்கும் இடையே உரிய அளவை மாணவரே கண்டுகொள்வர்.

இவ்வளவு பாடு எதற்கு, இரண்டு சக்கரம் பொருத்தினால் போதாதா என்று கேட்கும் நண்பர்கள் உளர். அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. மனிதன் செய்யும் வேலையை இயந்திரம் செய்வதற்கு மனித உருவம் தேவையில்லை என்பதற்குத் திருவனந்தபுரமே சான்று: 2018-இல் இந்நகரில் அறிமுகமான பாண்டிகூட் என்னும் கழிவுநீர்த்தொட்டி துப்புரவு இயந்திரம், மனிதர் இறங்கி உயிரிழக்கும் குழிகளுக்குள் அவர்க்குப் பதிலாக இறங்குகிறது, அதன் வடிவமோ சிலந்தியை ஒத்தது. அதற்கு முகம் இல்லை; வேலை இருக்கிறது. பயன்பாட்டை மட்டும் கருதினால் பள்ளிக்கு இயந்திர மனிதன் வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சக்கர வண்டியோ நிரலில் பிழை இருந்தாலும் எப்படியோ ஓடிவிடும். இருகால் பொம்மை உடனே விழுந்து காட்டும். தவற்றை மறைக்கத் தெரியாத ஆசிரியத் துணைப்பொருள் அது. இத்தகுதி ஒன்றுக்காகவே அதனைப் பள்ளியில் வைத்துக்கொள்ளலாம். விழாமல் காட்சிக்கு நிற்கும் பொம்மைக்கு அத்தகுதியும் இல்லை.

முழுமையாகச் செய்யப்பட்டு வரும் உருவங்களின் கவர்ச்சி நாளுக்கு நாள் மிகும் என்பதை மறுப்பதற்கில்லை. 2025-இல் சீனாவின் யூனிட்ரீ நிறுவனம் ஆர்-1 என்னும் இயந்திர மனிதனை 39,900 யுவான் தொடக்க விலையில் அறிவித்தது. பணம் படைத்த பள்ளிகள் அத்தகையவற்றை வாங்கும் நாள் தொலைவில் இல்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் தனியார் பள்ளியொன்று 2024-இல் ஐரிஸ் என்னும் ஆசிரியை உருவத்தை அறிமுகப்படுத்திற்று. அது சக்கரங்களின்மேல் நகர்ந்து, மும்மொழியில் வினாக்களுக்கு விடை கூறியது. அத்தகைய முயற்சிகளைக் குறைகூறுவதில் பொருளில்லை. ஆனால் விடை கூறும் உருவத்தின் முன் அமர்ந்திருக்கும் மாணவன் கேட்பவனாகவே இருக்கிறான். மும்பையில் கேந்திரிய வித்தியாலய ஆசிரியர் தினேஷ் படேல் செய்த ஷாலு என்னும் உருவத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அட்டை, மரம், பிளாஸ்டிக், அலுமினியம் என எறியப்பட்ட பொருள்களைக் கொண்டு, ஏறத்தாழ 50,000 ரூபாய் செலவில், மூன்றாண்டுக் காலம் உழைத்து அவர் அதனை உருவாக்கினார். பல மொழிகள் பேசியதே செய்தியாயிற்று. அந்த மூன்றாண்டுகளில் எத்தனை முறை கழற்றி மாட்டப்பட்டிருக்கும் என்பதே ஆசிரியர்க்குச் செய்தி.

இங்கேதான் இருப்புப் பதிவேடு குறுக்கிடுகிறது. பள்ளிக்கு வந்த பொருள் பதிவேட்டில் ஏறியவுடன், அது வந்த வடிவத்திலேயே ஆண்டுதோறும் தணிக்கைக்குக் காட்டப்பட வேண்டும் என்ற அச்சம் தலைமையாசிரியரைப் பற்றிக்கொள்கிறது. மூடி திறந்த செர்வோ அவர் கண்ணுக்கு உடைந்த செர்வோ. வெட்டிய அலுமினியப் பாதம் அரசாங்கச் சொத்துக்கு நேர்ந்த சேதம். ஓய்வூதியத்திற்கு இரண்டாண்டே உள்ளவர் இவ்வாறு அஞ்சுவதில் வியப்பென்ன? குற்றம் அவருடையதன்று, பொருளை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதை மேலிடம் தெளிவாகச் சொல்லாததே குற்றம். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், நிலைச் சொத்துக்களுக்கும் நுகர்பொருள்களுக்கும் தனித்தனிக் கணக்கு வைக்கும்படி கூறுகின்றன. இரசாயனச் சாலையில் அமிலம் தீர்ந்துபோவதை யாரும் சேதம் என்று எழுதுவதில்லை. மோட்டார், பற்சக்கரம், கம்பி, மின்கலம் ஆகியவற்றையும் அவ்வாறே செலவாகும் பொருள்களாகக் கொண்டு, பலகையையும் மின்னூட்டும் கருவியையும் மட்டும் சொத்தாகக் கொள்ள ஒரு சுற்றறிக்கை போதுமானது. ஆய்வுக்குச் செல்லும் பயிற்சி ஊழியர்களும், பொம்மை பளபளப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதை விடுத்து, சென்ற முறைக்கும் இம்முறைக்கும் அதில் என்ன மாறியிருக்கிறது என்று கேட்கலாம். கொள்முதல் செய்வோர், திருகாணியால் பூட்டப்பட்டதை வாங்கலாம். பசையால் ஒட்டப்பட்டதைத் தவிர்க்கலாம். தனியாக மூட்டு விற்காத நிறுவனத்தின் பொம்மை எவ்வளவு மலிவாயினும் பள்ளிக்கு விலை மிகுந்ததே.

அக்கேள்விக்கு விடை இருக்க வேண்டுமானால் குறிப்பேடு ஒன்று வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். மாற்றத்திற்கு முன் பத்து நடை, பின் பத்து நடை. எத்தனை அடி, எந்தப் பக்கம் விழுந்தது, மின்கல அழுத்தம் எவ்வளவு, எந்த மோட்டார் சுட்டது. இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. குறிப்பேடு மாணவர் பேசும் மொழியிலேயே இருக்கட்டும். வலியசாலைப் பக்கத்து வீடுகளில் தமிழும் பள்ளியில் மலையாளமும் புழங்குகின்றன. இரண்டும் கலந்து எழுதினாலும் இழப்பில்லை. பெரும்பாலும் ஒரு குழுவில் கைவேலை தெரிந்த ஒருவனே திருப்புளியைப் பிடித்துக்கொள்கிறான். மற்றவர், குறிப்பாகப் பெண்கள், எழுதுபவராக ஒதுக்கப்படுகின்றனர். வாரந்தோறும் திருப்புளியும் பேனாவும் கைமாற வேண்டுமென்பதை ஆசிரியர் கண்டிப்பாகக் கொள்ள வேண்டும். 10-ஆம் வகுப்பு மாணவர் ஆண்டிறுதியில் விலகிச் செல்பவர். பொம்மை அடுத்த வகுப்புக்குப் போகும்போது குறிப்பேடும் உடன் போகாவிட்டால், புதிய குழுவினர் அதே கம்பியில் அதே ஒரு மாதத்தை இழப்பர்.

மார்ச் மாதத் தேர்வுகள் முடிந்து அலமாரியைப் பூட்டுவதற்கு முன் மின்கலத்தைக் கழற்றிவிட வேண்டும். லித்தியம் மின்கலத்தை முழுமையாக நிறைத்து 4.2 வோல்ட்டில் இரண்டு மாதம் வைத்தாலும் கெடும். 3 வோல்ட்டுக்குக் கீழே வடியவிட்டாலும் கெடும். கலம் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, உலோகப் பொருள்கள் படாத இடத்தில், வெயிலுக்கு ஒதுக்கி வைக்க வேண்டும். உப்பியிருக்கும் கலத்தை மறுபடியும் மின்னூட்டலாகாது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், ஆசிரியர் அருகிருக்க மின்னூட்டி, மூட்டுக்கள் பதினேழையும் ஒவ்வொன்றாக நடுநிலைக்குக் கொண்டுவந்து, சென்ற ஆண்டின் பிழை அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகே பொம்மையைத் தரையில் நிறுத்துதல் நன்று. திருவனந்தபுரத்தின் மழைக்கால ஈரத்தில் திருகாணிகள் துருப்பிடித்திருக்கும்; அவற்றுக்கு ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும்.